பதிவேட்டில் எழுதப்படாத எண்

திருமண ஆயத்த வகுப்புகளில் மணமக்களிடம் நாம் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "எத்தனை குழந்தைகள் வேண்டுமென்று எண்ணியிருக்கிறீர்கள்?" என்பது. மணமகன் மணமகளைப் பார்ப்பார். மணமகள் தரையைப் பார்ப்பார். ஆயினும் விடை வரத் தாமதமாவதில்லை. "இரண்டு, சாமி" என்பர் பெரும்பாலோர். "ஒன்று போதும்" என்பாரும் இப்போது பெருகி வருகின்றனர். இந்த எண் எங்கிருந்து வந்தது, எப்போது உள்ளத்தில் குடியேறியது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இருவரும் அமர்ந்து ஆராய்ந்து எடுத்த முடிவு அன்று அது. பள்ளியிலும் பேருந்திலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் பேச்சோடு பேச்சாக வந்து சேர்ந்தது.

மனித வரலாற்றின் பெரும்பகுதியில் இந்த வினாவுக்கு எண்ணால் அமைந்த விடையே இருந்ததில்லை என்றால் இன்றைய மணமக்கள் நம்ப மாட்டார்கள். 1972-இல் தொடங்கப்பட்ட உலகக் கருவள ஆய்வு நாற்பதுக்கும் மேற்பட்ட வளரும் நாடுகளில் நடைபெற்றது. அங்கே பல தாய்மார்கள் தந்த விடை, "ஆண்டவன் கொடுக்கிற அத்தனை" என்பதே. படிவத்திலோ எண்ணுக்கான கட்டம்தான் இருந்தது. எனவே 'எண்ணில் அமையாத விடை' என்று ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தி இவர்களை அதில் சேர்த்தார்கள். கல்லாமையின் விளைவு என்று சிலர் அதை ஒதுக்கியும் விட்டனர். ஆனால் எத்தியேன் வான் தெ வால் என்ற மக்கள்தொகை வரலாற்றறிஞர் 1992-இல் எழுதிய கட்டுரையொன்றில் அந்த விடையைத் தக்க மதிப்போடு எடுத்துப் பேசினார். குழந்தைகளின் தொகை என்பது முன்கூட்டி எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகவே ஒரு காலத்தில் மக்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வினாவைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர், அந்த வினா அவர்களுடைய உலகத்தில் இல்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

நம் முன்னோர் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று வாழ்த்தினர். கல்வி, புகழ், வலிமை என்று தொடரும் பதினாறு பேறுகளே அங்குக் குறிக்கப்படுவன. மக்கட்பேறு அவற்றுள் ஒன்று மட்டுமே. அதைப் பதினாறு பிள்ளைகள் என்று நாம் தவறாகப் பொருள் கொள்வதே ஒரு செய்தியைச் சொல்கிறது. பிள்ளைகளை எண்ணிப் பழகிய தலைமுறைக்குத்தான் அப்படிப் பொருள்கொள்ளத் தோன்றும்.

அமெரிக்க அறிஞர் ஆன்ஸ்லி கோல் 1973-இல் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். ஒரு சமுதாயத்தில் பிறப்புகள் நிலையாகக் குறைய வேண்டுமானால், முதலாவதாகக் குழந்தைப்பேறு என்பது கணவனும் மனைவியும் தெளிந்து எடைபோட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றாகத் தோன்ற வேண்டும். அடுத்து, குறைவாகப் பெறுவதில் நன்மை உண்டு என்று பட வேண்டும். பின்னர் அதற்கான வழி கையில் இருக்க வேண்டும். அரசுகள் இந்த மூன்றாவதில்தான் பணத்தைக் கொட்டின. பொருளியலார் இரண்டாவதை விரிவாக எழுதினர். முதலாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது எப்படி, யார் உள்ளத்தில், எங்கே முதன்முதல் நிகழ்ந்தது?

பெருந்திரளான மக்களிடையே அது முதலில் நிகழ்ந்த நாடு, 'திருச்சபையின் மூத்த மகள்' என்று போற்றப்பட்ட பிரான்சு. ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில் அன்று. அங்கே பிறப்பு விகிதம் 1870-களுக்குப் பிறகுதான் நிலையாகச் சரியத் தொடங்கியது. பிரான்சிலோ, மக்களில் மிகப் பெரும்பாலோர் உழவர்களாக இருந்த காலத்திலேயே, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது தொடங்கிவிட்டது. விளைவு கண்கூடு. 1801-க்கும் 1901-க்கும் இடையே இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்து சுமார் 89 இலட்சத்திலிருந்து 3 கோடியே 25 இலட்சமாகப் பெருகின. பிரான்சோ சுமார் 2 கோடியே 80 இலட்சத்திலிருந்து 3 கோடியே 90 இலட்சத்தை எட்டியதோடு நின்றது. மாத்திரையில்லை, மருத்துவமனையில்லை, சுவரொட்டியில்லை, முகாமில்லை. ஓர் அரசாணைகூட இல்லை.

இதை நாம் அறிவது எப்படி? பங்குத்தந்தையர் எழுதி வைத்த ஏடுகளால்தான். 1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா விடுத்த வில்லெர்-கொத்தரே ஆணை திருமுழுக்குகளைப் பதிவு செய்யுமாறு பணித்தது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டை ஒவ்வொரு பங்கிலும் கட்டாயமாக்கியது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், ஆன்மாக்களின் நிலை, இறப்பு என்று ஐந்து ஏடுகளை வகுத்துத் தந்தது. 1667-இல் பிரெஞ்சு அரசு ஒவ்வொரு பதிவையும் இரு படிகளாக எழுதி, ஒன்றை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் செய்தது. 1792 செப்டம்பரில் புரட்சி அரசு இப்பணியைக் குருக்களிடமிருந்து பறித்து நகராட்சிகளுக்குக் கொடுத்தது. அதுவரை இரண்டரை நூற்றாண்டுகளாக, மை உறைந்துபோகும் குளிரிலும் ஊர்ப் பங்குச்சாமியார்கள் எழுதிய அந்த வரிகள், ஒரு நாட்டின் படுக்கையறை வரலாற்றுக்கே சான்றாக நிற்கப்போகின்றன என்பதை அவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

அந்த ஏடுகளைப் பேச வைத்தவர் லூயி ஆன்றி. 1911-இல் பிறந்தவர், பாரிசின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியில் பயின்று 1946-இல் பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். ஆவணக் காப்பாளர் மிஷேல் ஃபிளரியோடு இணைந்து 1956-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். பதிவேட்டிலுள்ள திருமணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் தம்பதியரின் பிள்ளைகளுடைய திருமுழுக்குகளையும் அவர்களுடைய அடக்கங்களையும் தேடித் தேடி ஒரே அட்டையில் சேர்த்து எழுதினால், மறைந்துபோன ஒரு குடும்பம் மீண்டும் எழுந்து நிற்கும். இவ்வாறு நார்மண்டிப் பகுதியின் க்ருலே என்ற சிற்றூரை எத்தியேன் கொத்தியே என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1958-இல் நூலாக்கினார். மக்கள்தொகை வரலாறு கற்போருக்கு இன்றும் அது பாடநூல்.

ஒரு தம்பதியர் வேண்டுமென்றே பிள்ளைப்பேற்றை நிறுத்தினரா, இயல்பாக நின்றதா என்பதை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆன்றி கண்ட வழி எளியது. எனக்கு அது மிக அழகாகவும் படுகிறது. 20 வயதில் மணமான ஒருத்தியையும் 30 வயதில் மணமான ஒருத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் 35 வயதைத் தாண்டியபின் எவ்வாறு பிள்ளை பெறுகின்றனர் என்று பாருங்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பெற்றால், முன்னவளுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் இருப்பதைப் பற்றி அவ்வீட்டில் எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்று பொருள். முன்னவள் பின்னவளைவிட முந்தி நிறுத்திவிட்டால், அந்த வீட்டில் யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஒரு சொல்கூட எழுதி வைக்காத உழவர்களின் உள்ளக்கருத்தை இப்படி வெறும் தேதிகளிலிருந்து படித்துவிடலாம்.

க்ருலேயின் பழைய தம்பதியர் எண்ணவில்லை. அதனால் அவர்கள் விலங்குகளைப்போல் வாழ்ந்தனர் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. பெண்கள் ஏறக்குறைய 25 வயதில்தான் மணந்தனர். நிலமோ தொழிலோ கைக்கு வரும்வரை ஆண்கள் காத்திருந்தனர். தாய்ப்பால் ஊட்டும் காலம் நீண்டிருந்ததால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது அதற்கும் சற்றுத் தள்ளியே அடுத்த பிள்ளை பிறந்தது. எப்போது மணப்பது என்பதில் ஊரே கருத்தாக இருந்தது. மணந்தபின் எத்தனை என்பதில் எவருக்கும் கருத்தில்லை. கருத்துக்கு வேலையும் குறைவே. பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வளர்ந்து ஆளாகும் முன்னரே கல்லறைக்குப் போயினர். ஏழு பெற்றவள் வீட்டில் மூன்றோ நான்கோ உணவுக்கு அமர்ந்தன.

பிறகு மாற்றம் வந்தது. முதலில் மேல்தட்டில். ஜெனீவாவின் பழைய வணிகக் குடும்பங்கள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிறப்பைக் கட்டுப்படுத்தின என்பதை ஆன்றியே 1956-இல் காட்டினார். பிரெஞ்சு உயர்குடியினரிடமும் அப்படியே. 1671-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதாம் தெ செவின்யே தம் மகளுக்கு எழுதிய புகழ்பெற்ற மடல்களில், மீண்டும் மீண்டும் கருவுற்று உடலைக் கெடுத்துக்கொள்ளாதே, தனியறையில் படுத்துக்கொள் என்று மன்றாடுகிறார். மருமகனுக்கும் கடிந்து எழுதுகிறார். அவர் கவலை குழந்தைகளின் தொகை பற்றியதன்று. மகளின் உயிர் பற்றியது. பின்னர் நகரங்கள். ரூவான் நகரத்தில் ஒரு குடும்பத்துக்குரிய பிறப்புகள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை ழான் பியேர் பார்தே 1983-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மெலான் என்ற சிற்றூரை ஆராய்ந்த மர்செல் லாஷிவேர், அங்கே திருப்பம் 1790-ஐ ஒட்டி நிகழ்ந்தது என்று கண்டார். இதற்கு முன்பே, 1778-இல், மொஓ என்ற எழுத்தாளர் மனிதரன்றி வேறெந்த உயிரினமும் அறியாத அந்த இரகசியங்கள் சிற்றூர்களிலும் புகுந்துவிட்டன என்று புலம்பியிருந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்றே நெடுங்காலம் கருதினர். பதிவேடுகள் அவர் பக்கம் சாட்சி சொல்லின.

அந்த இரகசியம் என்ன என்பதை இவ்விதழில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தொடக்கநூல் 38-ஆம் அதிகாரத்தில் ஓனான் செய்தது அது. கணவன் தன்னைத் தடுத்துக்கொள்ளும் பழைய வழி; ஆபிரகாமின் கொள்ளுப்பேரர்கள் காலத்திலேயே அறிந்தது. ஆகவே வழி தெரியாமல் மக்கள் அதுவரை பெற்றுக்கொண்டிருக்கவில்லை. வழி மூவாயிரம் ஆண்டுப் பழையது. அதைத் திருமண வாழ்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமே புதியது.

அந்த எண்ணமும் முதலில் ஓர் எண்ணாகப் பிறக்கவில்லை என்பது என் கருத்து. ஆன்றியின் அட்டைகளில் தெரிவது, மணநாளன்று இரண்டு என்றோ மூன்று என்றோ தீர்மானித்த தம்பதியர் அல்லர். நான்கோ ஐந்தோ பிறந்தபின் நிறுத்திக்கொண்டவர்கள். எண்ணத்தின் முதல் வடிவம் 'இத்தனை' என்பதன்று, 'போதும்' என்பது. நம் நாட்டுச் சிற்றூர்களில் பெண்பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயரிட்டதை வாசகர் அறிவர். திருமுழுக்கு ஏட்டில் அவள் மரியாளாகவோ தெரேசாளாகவோ இருப்பாள், வீட்டில் போதும்பொண்ணு. அந்தச் சொல்லில் தீர்மானம் இல்லை. வானை நோக்கிய விண்ணப்பம்தான் இருக்கிறது, அந்தப் பெண்ணின் மனம் பற்றிய இரக்கமும் இல்லை. பிரெஞ்சு உழவன் சொன்ன 'போதும்' விண்ணப்பமாக இருந்த நிலையிலிருந்து தீர்மானமாக மாறியது. இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

அந்தத் தொலைவைக் கடக்க அவனுக்கு யார் துணை செய்தனர்? ஓரளவுக்கு நம் இறையியலாரே என்றால் வியப்பாக இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ தெ சோத்தோவும், பின்னர் இயேசு சபையின் தோமாஸ் சாஞ்செசும் ஒரு சிக்கலை எழுப்பினர். வறுமையில் வாடும் தம்பதியருள் ஒருவர், இனிப் பிறக்கும் பிள்ளையால் முன்பே பிறந்தவர்களுக்கு உணவில்லாமற் போகும் என்று அஞ்சி இல்லற உறவை மறுத்தால் அது பாவமா? கடுமையாகத் தீர்ப்பிடலாகாது என்ற திசையிலேயே அவர்கள் விடை சென்றது. அவர்கள் அனுமதித்தது விலகியிருத்தலை மட்டுமே, கருத்தடையை அன்று. ஆனால் பிறந்தவர்க்குச் செய்ய வேண்டிய கடமையைப் பிறக்கப் போகிறவரோடு ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் சிந்தனை அங்கே நுழைந்துவிட்டது. பிள்ளைகளைப் பேணி வளர்த்தல் பெற்றோர் கடன் என்று மறையுரைகளும் மறைக்கல்வி நூல்களும் ஓயாது வற்புறுத்திய காலம் அது. வரலாற்றறிஞர் ழான் லூயி ஃபிளாந்த்ரேன் இதைச் சுட்டிக்காட்டினார்: மனைவியின் உடல்நலத்துக்கும் பிள்ளைகளின் வளர்ப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற புதிய மனச்சான்றும் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம்; அது முழுவதும் தன்னலமோ இறைப்பற்றின் தேய்வோ அன்று. அவரை முற்றும் ஏற்காதவர் உண்டு. எனக்கு அவர் சொல்வதில் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது.

இந்த எண்ணம் திருச்சபையின் செவியை எட்டிய நாளை நாம் ஏறக்குறையத் துல்லியமாக அறிவோம். பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள லெ மான் மறைமாவட்டத்துக்கு 1834 முதல் 1854 வரை ஆயராக இருந்தவர் ழான் பத்தீஸ்து பூவியே. குருமடங்களில் பயிலப்பட்ட அறநெறி இறையியல் நூல்களை எழுதியவர். திருமணம் பற்றியும் தனி நூல் யாத்தவர். கோட்பாட்டில் தளர்ச்சி காட்டுபவர் என்று எவரும் குறைகூற முடியாதவர். 1842-இல் அவர் உரோமையில் ஒப்புரவு பற்றிய ஐயங்களுக்கு விடையளிக்கும் திருப்பீட மன்றத்துக்கு ஒரு மடல் விடுத்தார். அதன் உள்ளடக்கம் நேர்மையானது, துயரம் நிறைந்தது. இளந்தம்பதியர் ஏறக்குறைய அனைவருமே பெருந்தொகையான பிள்ளைகளை விரும்பவில்லை. அதே வேளையில் உறவிலிருந்து விலகியிருக்கவும் அவர்களால் இயலவில்லை. ஆன்மகுரு இதைப் பற்றிக் கேட்டால் மனம் புண்படுகின்றனர். தாங்கள் செய்வது பெரும்பாவம் என்பதை அவர்களால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வற்புறுத்தினால் ஆண்கள் அருளடையாளங்களையே கைவிட்டுப் போய்விடுகின்றனர். மற்றபடி அவர்கள் நேர்மையானவர்கள், பக்தியுள்ளவர்கள். நல்ல மனத்தோடு தவறுகிறவர்களாக அவர்களைக் கொள்ளலாமா? கேட்காமல் விட்டுவிடும் குருக்களை ஏற்கலாமா?

ஒப்புரவுத் தொட்டியின் பலகணிக்கு அப்பால் ஒரு தலைமுறையே புதிதாக எண்ணத் தொடங்கியிருந்தது. அதைக் கேட்ட முதற்செவி ஆன்மகுருவின் செவி. எந்த ஒரு பெயரும் வெளிவரவில்லை. ஒப்புரவின் இரகசியம் மீறப்படவும் இல்லை. ஆயினும் ஒரு மக்களினத்தின் உள்ளம் மாறிவிட்டது என்பதை ஓர் ஆயர் தம் குருக்களின் தவிப்பிலிருந்தே உணர்ந்துகொண்டார். அன்றைய அமைச்சர்களோ புள்ளியியலாரோ அதை இவ்வளவு தெளிவாக எழுதியதாக நான் காணவில்லை. அதே ஆண்டுகளில்தான் ஆர்ஸ் என்ற சிற்றூரில் புனித ஜான் மரிய வியான்னி ஒப்புரவுத் தொட்டியில் நாள் முழுதும் அமர்ந்திருந்தார் என்பதையும் நினைத்துக்கொள்வோம்.

உரோமை அதே 1842-ஆம் ஆண்டிலேயே விடையளித்தது. செயலின் குற்றத்தை அது மறுக்கவில்லை. குறை கணவனிடமிருந்து வருவதால், தகுந்த காரணத்தோடு இணங்கும் மனைவிமேல் பழியில்லை என்றது. ஆன்மகுருவின் கடமையைப் பொறுத்தவரை, புனித அல்போன்சு லிகோரியின் அறிவுரையை நினைவூட்டியது: தம்பதியரின் உறவில் நிகழும் பாவங்களைப் பற்றிப் பொதுவாகக் குரு வினவக் கடமைப்பட்டவர் அல்லர், கேட்கப்பட்டாலன்றி அமைதி காப்பதே முறை. அந்த அமைதியில் அரை நூற்றாண்டுக்கு அருகே பிரெஞ்சுக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1886-இல் அதே மன்றம், தக்க ஐயம் எழுமிடத்தில் வினவ வேண்டும் என்று நிலையைக் கடுமையாக்கியது. அதற்குள் எண்ணம் வழக்கமாகிவிட்டது. தந்தை சொல்லி மகன் அறிய வேண்டிய தேவைகூட இல்லாமற் போயிற்று.

ஏன் பிரான்சில்? லெ ப்ளே என்ற சமூகவியல் முன்னோடி, புரட்சியும் 1804-ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டமும் பிள்ளைகளுக்குச் சமபங்கு வழங்கியதால் நிலம் துண்டாகும் அச்சத்தில் உழவர் பிள்ளைகளைக் குறைத்தனர் என்றார். உழவன் மனத்தை அறிந்தவர்க்கு இது பொருந்தும் என்றே படும். நாலு ஏர் நிலம் நாலு பாத்தியாகும் கணக்கு நம் ஊரிலும் தெரிந்ததுதான். ஆனால் அதே சட்டத்தின்கீழ் வாழ்ந்த பிரித்தானிப் பகுதி மக்கள் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் நிறையப் பெற்றனர். ரூவான் வணிகர்களோ அச்சட்டம் பிறக்கும் முன்பே நிறுத்தத் தொடங்கிவிட்டனர். குழந்தை இறப்பு குறைந்ததால் பிறப்பும் குறைந்தது என்பர் வேறு சிலர். பல வட்டாரங்களில் பிறப்பு முதலிலும் இறப்பு பின்னருமாகக் குறைந்திருக்கிறது.

1963-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கோல் தலைமையில் ஐரோப்பா முழுவதையும், ஏறத்தாழ ஒவ்வொரு மாகாணமாக, ஆராயத் தொடங்கினர். 1986-இல் முடிவுகள் தொகுக்கப்பட்டபோது, செல்வத்தையும் ஆலைகளையும் கொண்டு இந்த மாற்றத்தை விளக்கிவிடலாம் என்று நம்பியவர்கள் ஏமாந்தனர். மாற்றம் பெரும்பாலும் மொழியின் எல்லையைப் பின்பற்றியே பரவியிருந்தது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் ஊரும் பிளெமிசு பேசும் ஊரும் ஒரே மண்ணில், ஒரே தொழிலில், கூப்பிடு தொலைவில் இருந்தன. பிரெஞ்சு பேசிய ஊர் முந்தியது. பிளெமிசு ஊர் பிந்தியது. ஒரு வயலின் வரப்பைத் தாண்டாத எண்ணம் ஒரு மொழியின் நீளத்துக்கு ஓடியது. இதிலிருந்து நான் பெறும் பொருள் இது: பிள்ளைகளைப் பற்றிய எண்ணம் தனித்தனி வீடுகளின் கதவுக்குள் கணக்குப் போட்டுப் பிறப்பதன்று. துவைக்கும் துறையிலும் சந்தையிலும் திருப்பலி முடிந்த முற்றத்திலும், பக்கத்து வீட்டுக்காரியின் அரைகுறைச் சொல்லிலிருந்து அது பிறக்கிறது. பேச்சு எட்டும் தொலைவே அதன் எல்லை.

ஆட்சியாளர் இதைக் கண்டு துடித்தது மிகப் பின்னர். 1870-இல் செருமனியிடம் தோற்ற பிரான்சு தன் படைவீரர் தொகையை எண்ணிக் கலங்கியது. 1896-இல் இரண்டு சங்கங்கள் தோன்றின. பிறப்பைப் பெருக்கப் பெர்த்தியோன் ஒன்றைத் தொடங்கினார்; பிறப்பைக் குறைக்கப் போல் ரொபேன் மற்றொன்றைத் தொடங்கினார். 1899-இல், தம் நூல்கள் யாவும் திருச்சபையால் விலக்கப்பட்டிருந்த எமில் ஜோலா, பிள்ளைப் பெருக்கத்தைப் போற்றி ஒரு பெரும் நாவலே எழுதினார். குருக்களும் ஜோலாவும் ஒரே பக்கம் நின்ற அரிய நாள் அது. இங்கிலாந்தில் 1877-இல் கருத்தடை நூலொன்றை வெளியிட்டு வழக்கைச் சந்தித்த அன்னி பெசன்ட், பிரம்மஞான சபையில் சேர்ந்தபின் 1891-இல் இப்பொருள்பற்றித் தாம் எழுதிய நூலையே விற்பனையிலிருந்து நிறுத்திக்கொண்டார். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே அம்மையார்தாம். அறிஞர்களின் எண்ணமும் இப்படி மாறிக்கொண்டிருக்க, முதல் உலகப்போரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த பிரான்சு, 1920-இல் கருத்தடைப் பரப்புரையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மக்கள் கேட்கவில்லை. 1935-இல் பிறப்புகளைவிட இறப்புகள் மிகுந்தன. பிறகு, இரண்டாம் போர் முடிந்து நாடு இடிந்து கிடந்தபோது, 1946-இல் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 2 இலட்சம் மிகுதி. அக்காலத்தில் குடும்பங்களுக்கு உதவித்தொகை கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் பசியும் பங்கீட்டு அட்டையும் நிறைந்த அந்த ஆண்டில் அத்தனை தம்பதியர் துணிந்ததற்கு அத்தொகை மட்டும் காரணம் என்று நம்புவது கடினம்.

திருச்சபையின் போதனை வளர்ந்த வழி வாசகர்க்குத் தெரிந்ததே. 1930-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளியிட்ட திருமடல் ஆன்மகுருக்களின் மௌனத்தை முடித்து வைத்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிள்ளைகளின் தொகை பற்றிய தீர்ப்பை இறுதியில் பெற்றோரே கடவுள் திருமுன் எடுக்க வேண்டும் என்று கூறியது. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், வழிமுறைகளைப் பொறுத்தவரை பழைய போதனையை உறுதிசெய்தார். அதே மடலில் பொறுப்புள்ள பெற்றோர்நிலை பற்றியும் பேசினார். வழிமுறை பற்றிய விவாதம் எழுப்பிய புழுதியில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: எண்ணிப் பார்த்துப் பெறுதல் என்பதே குற்றமன்று, அது கடமையாகவும் இருக்கலாம் என்பதைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. லெ மான் ஆயரின் குருக்கள் கேட்கத் துடித்த சொல் அது. அது வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

நம் தமிழ்நாட்டில் இதே பாதை மிகக் குறுகிய காலத்தில் கடக்கப்பட்டது. 1971-இல் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ நான்கு பிள்ளைகள் என்றிருந்த கருவள விகிதம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8 ஆகிவிட்டது. பிரான்சுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பயணம் இது. இப்போது இங்கும் 1896-இன் குரல்கள் கேட்கின்றன. 2021-இல் கேரளத்தின் பாலா மறைமாவட்டம் ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள இளங்குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. 2024-இல் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு மிகுதியாகப் பெறுமாறு வேண்டினார். நம் மாநிலத்தில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராக ஒரு திருமண விழாவில் அந்தப் 'பதினாறு' வாழ்த்தையே எடுத்துத் தொகுதி மறுவரையறையோடு சேர்த்து நகையாடினார். வறுமையிலும் துணிந்து ஏற்கும் பெற்றோருக்குக் கைகொடுப்பதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் 'போதும்' என்ற சொல்லைத் தொகையால் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கைக்குப் பிரெஞ்சு வரலாற்றில் ஆதாரம் தேடினால் கிடைப்பது மிகக் கொஞ்சம். எழுபதுகளில் அந்தச் சொல்லை முகாம்களாலும் இலக்குகளாலும் பறித்துவிட முயன்றவர்களும் இதே நம்பிக்கையில்தான் இருந்தனர்.

பெண்ணின் சொல் என்றேன். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஆயர் பூவியேயின் மடலில் மனம் புண்படுகிறவர்களும் அருளடையாளங்களைக் கைவிடுகிறவர்களும் கணவர்கள். உரோமையின் விடையில் மனைவி இணங்குகிறவள் மட்டுமே. மதாம் தெ செவின்யே போன்ற எழுத்தறிந்த ஒரு தாய் தன் மகளுக்காக அஞ்சியதை அறிகிறோம். கோடிக்கணக்கான மற்றவர் அஞ்சியதை அறிய வழியில்லை. அஞ்சக் காரணம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் நூறு பேறுகளுக்கு ஏறக்குறைய ஒரு தாய் இறந்தாள். ஏழு பெறுகிறவளுக்கு அந்த ஆபத்து ஏழு முறை. திருமுழுக்குப் பதிவுக்குச் சில வரிகள் தள்ளித் தாயின் அடக்கப் பதிவு வரும் பக்கங்கள் எந்தப் பழைய ஏட்டிலும் உண்டு.

1698-இல் பதினான்காம் லூயி மன்னர் குழந்தைகளைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் திருமுழுக்குக்குக் கொண்டுவர ஆணையிட்டார். ஆகவே தந்தை வந்தார், ஞானத்தந்தையும் ஞானத்தாயும் வந்தனர், மருத்துவச்சி குழந்தையை ஏந்தி வந்தாள். பங்குத்தந்தை தாயின் பெயரையும் எழுதினார். கையெழுத்திட முடிந்தவர்கள் இட்டனர். தாய் அங்கே இல்லை. அவள் வீட்டில் படுக்கையில் இருந்தாள்.